படத்தில் இல்லாத மாடிப்படி

தம்பி எடுத்த படத்துக்கு அண்ணன் விமர்சனம் எழுதுவதா என்று உங்களில் பாதிப்பேர் சென்ற வாரம் கோபித்துக்கொண்டீர்கள். மீதிப்பேர், எழுதியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். விமர்சகர் கறாரும் அப்படித்தான் இரண்டு மனதாகத் தவித்துக்கொண்டிருந்தார். பத்திரிகை ஆசிரியர்தான் போனில் முடித்துவைத்தார்.

"முதல் வரியிலேயே 'இயக்குநர் என் தம்பி'ன்னு போட்டுடுங்க. அப்புறம் வழக்கம்போல வெளுத்து வாங்குங்க. யார் கேக்கப்போறா?"

கறார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட இயக்குநர்கள் வைத்தது. இப்போது கூரியர் கொண்டுவருகிறவர்கூட, "கறார் சார் வீடுதானே?" என்றுதான் கேட்கிறார்.

அவர் எழுதும் முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இன்றைய வினையே அதிலிருந்துதான் கிளம்பியது.

எந்தப் படமானாலும் இரண்டு தடவை பார்ப்பார். முதல் தடவை கையில் பேனா இருக்காது. பார்த்துவிட்டு வந்து யாரிடமும் வாயைத் திறக்கமாட்டார். தூங்கி எழுந்து மறுநாள் காலையில் மாடியறையில் உட்கார்ந்து, நினைவிலிருந்து மட்டும் எழுதுவார். நினைவில் தங்காத காட்சி, பேசத் தகுதியில்லாத காட்சி என்பது அவர் கட்சி.

இரண்டாவது தடவை மனைவியோடு போவார். அவர் எழுதியதை அதுவரை அவள் படித்திருக்கக்கூடாது. அவளுக்கு ஒரே ஒரு வேலை கொடுப்பார். இந்தப் படத்தில் கதவுகளை மட்டும் கவனி என்பார். இன்னொரு படத்தில் யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று பார் என்பார். வீட்டுக்கு வந்ததும் அவள் உரக்கப் படிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவள் நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் சரியில்லை என்று அர்த்தம். அடித்து, திருத்தி, பாதியாக வெட்டி, பத்திரிகைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். வாசகர் அதை டீ ஆறுவதற்குள் படித்துவிட்டு, "இந்தாளுக்கு எதுவுமே பிடிக்காதா?" என்பார்.

அவளை அவர் 'டாக்டரம்மா' என்று கூப்பிடுவார். டாக்டர் எல்லாம் இல்லை. ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஆனால் யாராவது ஒரு தும்மல் போட்டால் போதும், நோயின் பெயரைச் சொல்லிவிடுவாள்.

தன் வீட்டில் வந்திருக்கும் நோயின் பெயரை மட்டும் சில மாதமாகச் சொல்லப் பயந்துகொண்டிருந்தாள்.

கறார் மறக்கத் தொடங்கியிருந்தார். அடுப்பில் வைத்த பால் பொங்கித் தீயை அணைத்து, வீடு முழுக்க எரிவாயு நாற்றம் பரவியபோது அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். சென்ற வாரம் பத்திரிகை அலுவலகம் போகிற பேருந்துக்குப் பதில் வேறொன்றில் ஏறி, ஊர்க் கோடியில் இறங்கி நின்றுகொண்டு அவளுக்குப் போன் செய்தார். எல்லாருக்கும் நடப்பதுதான் என்று சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை. அவள் மாமனாருக்கும் இப்படித்தான் தொடங்கியது. கடைசியில் பெற்ற பிள்ளைகளையே 'நீங்க யாரு?' என்று கேட்டார். வீட்டில் ஒருவரும் இல்லாத ஒரு பிற்பகலில் இதே வீட்டு மாடிப்படியில் உருண்டு விழுந்து போய்ச் சேர்ந்தார்.

மறதி மட்டும் வந்துவிட்டால் கறாரிடம் என்ன மிச்சமிருக்கும்? நினைவை வைத்துத்தானே அவர் பிழைப்பே நடக்கிறது.

அன்று தம்பியின் படம் வெளியாகும் நாள். டாக்டரம்மா அரைநாள் விடுப்புப் போட்டிருந்தாள்.

"அந்தக் கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கட்டுமா?" என்று கறார் கேட்டார்.

"அதுல பொத்தான் இல்லையே. காலைலயே எடுத்துக் குடுங்கன்னு சொன்னேனே, மறந்துட்டீங்களா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த வார்த்தையை வீட்டில் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தாள். அவர் சட்டையை நீட்டினார்.

பழைய பொத்தான்கள் போட்டுவைக்கும் தகர டப்பாவைக் கவிழ்த்தாள். வெள்ளையில் ஒன்று கிடைத்தது. ஒரு கரும்பச்சைப் பொத்தானை மட்டும் எப்போதும்போல ஓரமாக ஒதுக்கினாள். அந்த வீட்டில் யார் சட்டையிலும் அந்த நிறத்தில் பொத்தான் கிடையாது.

"இன்னிக்கு நான் எதைப் பாக்கணும்?" என்று நூலைக் கோத்தபடி கேட்டாள்.

"கை. எல்லாரோட கையையும் பாரு. நான் முகத்தைப் பாத்துக்கறேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "நல்லா எடுத்திருக்கான் டாக்டரம்மா. இதுக்குமேல சொல்லமாட்டேன். ஆனா ஒரு இடத்துல நான் அழுதுட்டேன்."

கறார் அழுதாரா! அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எந்தப் படத்துக்கும் அவர் மூக்கைக்கூடச் சிந்தியதில்லை. தம்பி தனியாக அவருக்கு மட்டும், ஸ்டுடியோவின் சின்ன ஹாலில், முதலில் போட்டுக் காட்டிய படம் அது. ஹாலில் அண்ணனும் தம்பியும் மட்டும்தான் இருந்தார்கள்.

பகல் காட்சிக்குக் கூட்டம் பரவாயில்லை. கறார் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். இந்தத் தடவை பேனா உண்டு. இருட்டிலேயே எழுதிப் பழகிய கை.

டாக்டரம்மா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கைகளைப் பார்த்தாள். படத்தில் ஒரு வயதான அப்பா, வீட்டைவிட்டுப் போகத் துடிக்கும் ஒரு மகன். மகனாக நடித்த பையன் பேசும்போதெல்லாம் தன் இடதுகைச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். நல்ல பழக்கமாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இடைவேளைக்குப் பிறகு அதே சட்டையில் அவன் தெருவில் ஓடினான். அப்போது இடதுகை திறந்துகிடந்து படபடத்தது, பொத்தானைக் காணோம். உடை பார்க்கிறவர்கள் கோட்டை விட்டுவிட்டார்கள், வீட்டுக்குப் போனதும் இதைச் சொல்லவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

பக்கத்தில் கறார் நெளியத் தொடங்கியிருந்தார். முன்னால் சாய்ந்தார், பின்னால் சாய்ந்தார். அவர் பேனா நின்றுபோயிருந்தது.

விளக்கு எரிந்ததும் அவர் எழுந்திருக்கவில்லை.

"மாடிப்படி எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்.

"எந்த மாடிப்படி?"

"அந்தக் கிழவர் விழுவாரே. நான் தூங்கிட்டேனா?"

"யாருமே விழலையே. அவரு ஆஸ்பத்திரில படுத்திருக்கறதாத்தானே காட்டினாங்க."

அவர் முகம் பேயறைந்தது போல ஆயிற்று.

வெளியே சின்னவன் நின்றிருந்தான். ஆளாளுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தவன், அண்ணனைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். வீட்டுக்குச் சின்னவன்தான், ஆனால் அண்ணனைவிட ஒரு சாண் உயரம்.

"என்னடா, மாடிப்படி சீனை எடுத்துட்டியா?" என்று கறார் எடுத்த எடுப்பில் கேட்டார்.

"எந்த சீன்ணே?"

"அப்பா மாடிப்படியில நின்னு மகன் கையைப் பிடிச்சுக்குவாரே. அவன் உதறிடுவான். அவர் உருண்டு விழுவாரே."

சின்னவன் சிரிக்கவில்லை. அண்ணனின் தோளில் கைவைத்து, சுவரோரமாக நகர்த்திக்கொண்டு போனான்.

"அப்படி ஒரு சீன் நான் எடுக்கவே இல்லையே. உங்களுக்குப் போட்டதுக்கு அப்புறம் ஒரு இடத்துல கூடக் கை வைக்கல. நீங்க பாத்ததும் இன்னிக்கு ஓடினதும் ஒண்ணுதான்."

"நான் பாத்தேன்டா. ஒரு பக்கம் எழுதியிருக்கேன்."

"எழுதிட்டீங்களா?" சின்னவன் குரல் கொஞ்சம் மாறியது. "அதை இன்னும் அனுப்பலையே?"

"இல்ல. இன்னிக்குத்தான் உங்க அண்ணி படிக்கணும்."

சின்னவன் டாக்டரம்மாவைத் தனியாக அழைத்தான். அவன் குரல் அவ்வளவு இதமாக இருந்தது. அந்த இதம்தான் அவளைக் கலங்க அடித்தது.

"அண்ணி, நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க. அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது? நடக்காததை நடந்ததுன்னு சாதிப்பாரு. அப்பா விழுந்தது அண்ணன் மனசுலயே கிடக்கு, அதைப் படத்துல பாத்ததா நினைச்சுக்கிட்டாரு. இல்லாத சீனைப் பாராட்டிப் பத்திரிகையில வந்தா ஊரே கைகொட்டிச் சிரிக்கும். எனக்குப் போனாப் போகுது, அவர் பேரு என்ன ஆகும்? இந்த வாரம் எழுதவேண்டாம்னு சொல்லுங்க. அந்தப் பக்கத்தை எங்கிட்ட குடுத்துடுங்க, நான் கிழிச்சுப் போட்டுடறேன்."

அவள் தலையாட்டினாள். கொழுந்தனுக்கு இருக்கும் அக்கறையில் பாதி தனக்கு இருந்திருந்தால் முன்பே நல்ல டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கலாமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

வீடு வந்ததும் கறார் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டார். நேராக மாடியேறி, மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். வெயில் ஜன்னல்வழியே அவர் கைமேல் விழுந்தது.

"இதோட நிறுத்திக்கறேன்" என்றார். "ஆசிரியர்கிட்ட நானே சொல்லிடறேன். வேற ஆளைப் பாத்துக்கட்டும்."

"அவசரப்படாதீங்க."

"இல்லாததைப் பாக்கறவன் விமர்சனம் எழுதலாமா? யாரையாவது அநியாயமா வெட்டிப் போட்டிருப்பேன் இத்தனை நாள்ல. யாருக்குத் தெரியும்?" அவர் குரல் உடைந்தது. "அப்பா விழுந்த அன்னிக்கும் நான் தியேட்டர்லதான் இருந்தேன். போனை அணைச்சுட்டு, இரண்டாவது தடவை பாத்துக்கிட்டிருந்தேன். அந்தப் பாவம் சும்மா விடுமா?"

அன்றிலிருந்துதான் அவர் இரண்டாவது தடவை தனியாகப் போவதில்லை. இது அவளுக்குத் தெரியும். அவர் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் முறை. அவர் தலையை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

"கடைசியா ஒரு தடவை படிச்சுக் காட்டு" என்றார் அவர். "எப்படிப்பட்ட பொய்யை எழுதியிருக்கேன்னு கேட்டுக்கறேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் படித்தாள்.

"இயக்குநர் என் தம்பி. அதை மறந்துவிட்டு எழுத முயன்றேன், முடியவில்லை. இடைவேளைக்குச் சற்று முன் ஒரு மாடிப்படி வருகிறது. பெட்டியோடு இறங்கும் மகனின் இடதுகைச் சட்டையை மேல்படியில் நிற்கும் தந்தை பற்றிக்கொள்கிறார். படம் முழுக்க அந்தப் பையன் திருகிக்கொண்டே இருந்த பொத்தான் அது..."

அவள் நாக்கு தடுக்கியது.

"வாக்கியம் சரியில்லையா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

"இருங்க, இருங்க." அவள் மறுபடி அந்த வரியைப் படித்தாள். "மகன் உதறுகிறான். பொத்தான் பிய்கிறது. தந்தை விழுகிறார்."

காகிதம் அவள் மடியில் விழுந்தது.

"ஏங்க, பொத்தான் இல்லைங்க! இடைவேளைக்கு அப்புறம் அவன் ஓடறான் பாருங்க, அப்ப கைப்பொத்தான் இல்ல. முன்னாடி இருந்துச்சு. நான் கையைத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்! அதே சட்டை, அதே கை. உடை பாக்கறவங்க தப்புன்னு நினைச்சேன். பிய்ஞ்சிருக்கு. அந்தச் சீன் இருந்திருக்கு!"

கறார் கண்ணைத் திறந்தார். அவளையே பார்த்தார்.

"இருந்துச்சா?"

"இருந்துச்சு. உங்களுக்கு ஒண்ணும் இல்ல. பாலை மறந்தா மறந்துட்டுப் போங்க, யாருதான் மறக்கல? உங்க தம்பிதான் வெட்டிட்டு இல்லேங்கறாரு."

அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். அவரும் குழந்தைமாதிரி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஆட்டினார்.

"அந்தப் பயல் ஏன் வெட்டினான்? படத்துலயே அதுதான்டி உயிர்!" என்று கத்தினார். "எங்கப்பாவுக்கு அவன் செஞ்ச மரியாதைன்னு நினைச்சேன். சரி, ஏதோ வெக்கப்பட்டிருப்பான். ஆசிரியருக்கு முதல்ல சொல்லணும். போன் கீழ இருக்கு."

அவர் படிகளில் தடதடவென்று இறங்கிப் போனார். அவளுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தையும் படித்துவைக்கலாம் என்று காகிதத்தை எடுத்தாள்.

"கீழே கிடக்கும் தந்தையின் வலதுகை மூடியிருக்கிறது. மகன் குனிகிறான். விரல்களைப் பிரிக்கப் பார்க்கிறான். வாசலில் ஏதோ சத்தம் கேட்கிறது, ஓடிவிடுகிறான். மூடிய கைக்குள் அந்தக் கரும்பச்சைப் பொத்தான் இருக்கிறது. அது நமக்குத் தெரியும், அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு காட்சியை யோசித்து எழுதமுடியுமா என்று வியந்தேன்."

வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியவள், பாதியில் உதட்டை மட்டும் அசைத்தாள். பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

மாமனார் விழுந்த அன்று வேலையிலிருந்து முதலில் வீட்டுக்கு வந்தது அவள்தான். நாடி பார்ப்பதற்காக அவருடைய வலதுகையை எடுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது அவள். உள்ளே ஒரு கரும்பச்சைப் பொத்தான் இருந்தது, பிய்ந்த நூலோடு. அப்போது அதை யார் யோசித்தார்கள்? பரிசோதனைக்கூடக் கோட்டுப் பையில் போட்டவள், எல்லாம் முடிந்து எவ்வளவோ நாள் கழித்துத் தகர டப்பாவில் போட்டாள். மாமனார் அன்று போட்டிருந்தது வெள்ளைச் சட்டை, எல்லாப் பொத்தானும் இருந்தது. கடைசி நாட்களில் கரண்டி, பாட்டில் மூடி என்று கண்டதையும் பொறுக்கிக் கையில் வைத்துக்கொள்வார். அப்படி ஒன்று என்று விட்டுவிட்டாள்.

ஒருவரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. கறாரிடம்கூடச் சொல்லவில்லை.

சின்னவன் அன்று வெளியூர்ப் படப்பிடிப்பில் இருந்தேன் என்றான். எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, இருட்டும் நேரத்தில்தான் ஓடிவந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். அதற்குப் பிறகு வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். எப்போது வந்தாலும் கீழேயே உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்பிவிடுவான். அப்பா நினைப்பு வருது அண்ணி, அந்தப் படியை மிதிக்க முடியல என்பான். பாவம் என்று அவளும் ஒருநாள்கூட வற்புறுத்தியதில்லை.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். டப்பாவில் கைவிட்டதும், படத்துக்குக் கிளம்பும்முன் ஒதுக்கிவைத்தது முதலில் அகப்பட்டது. நாலு துளை. ஒரு துளையில் இன்னமும் பச்சை நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

கறாருக்கு மறதி இல்லை. அதற்காகக் கொஞ்ச நேரத்துக்குமுன் அவள் ஆனந்தமாக அழுதாள். மறதியாகவே இருந்திருக்கலாம் என்று இப்போது நினைத்தாள். நோய் என்றால் மருந்து கொடுத்துப் பார்க்கலாம். இதை அவரிடம் எந்த வாயால் சொல்வது?

கீழே அழைப்புமணி அடித்தது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"வாடா, வா!" கறாரின் குரல் உற்சாகமாக எழுந்தது. "உனக்கு நூறு ஆயுசு. இப்பத்தான் உன்னைத் திட்டிக்கிட்டிருந்தேன்."

"அந்தப் பக்கத்தை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேண்ணே. அண்ணி எங்க?"

"மேல இருக்கா. டேய், அவ கண்டுபிடிச்சுட்டாடா!"

கீழே கதவு மூடும் சத்தம் கேட்டது.

"என்ன கண்டுபிடிச்சாங்க?"

"பொத்தானை! நான் சொன்னா நம்பமாட்டே. மேல போய் அவளையே கேளு. நான் ஆசிரியருக்குப் போன் போட்டுட்டு வர்றேன்."

வேண்டாம் என்று கத்தினால் கறாரும் மேலே ஓடிவந்து என்னவென்று கேட்பார். கீழே கறார் ஆசிரியரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

முதல் படியில் ஒரு கால் வைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்றது. பிறகு அடுத்த படி. இத்தனை நாளாக மிதிக்க முடியாத படிகளில் சின்னவன் நிதானமாக ஏறி வந்துகொண்டிருந்தான்.

"அண்ணி?" என்றான் பாதிப் படியிலிருந்து, அதே இதமான குரலில்.

டாக்டரம்மா பொத்தானை உள்ளங்கையில் வைத்து விரல்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.